முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரியாது

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் எதிர்ப்பாட்டு என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். "அந்தப் பேர் எனக்குப் பொருந்தாது" என்று ஒருமுறை சொன்னார். பாருங்கள், இதற்கும் எதிர்ப்பாட்டுதான் என்று எல்லோரும் சிரித்தோம். அன்றோடு அந்தப் பெயர் நிரந்தரமாகிவிட்டது.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவர் வேலை. எங்கள் நிறுவனம் கருத்துக்கணிப்பு நடத்துவது. எந்த சோப்பு நுரைக்கிறது என்பதிலிருந்து எந்தக் கட்சி கரையேறும் என்பதுவரை யார் கேட்டாலும் விசாரித்துச் சொல்வோம். அவர் இருபத்தொன்பது வருடமாக மாடி ஏறி இறங்கியவர். நான் கட்டடத்துக்குள்ளேயே நாற்காலியைத் தேய்ப்பவள். மறுசரிபார்ப்பு என்று என் பிரிவுக்குப் பெயர். களத்துக்காரர்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களில் சிலவற்றை எடுத்து, அந்த வீடுகளுக்குப் போன் போட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். எங்காவது நிழலில் உட்கார்ந்து தானே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு வரும் ஆட்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என் பிழைப்பு. அதனால் எனக்கும் ஒரு பெயர் உண்டு. போலீஸ். வைத்தவர் எதிர்ப்பாட்டு.

குட்டையான மனிதர். ஐம்பத்தாறு வயது. படியேறிப் படியேறி வலது முழங்கால் தேய்ந்துபோய், நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்வார். பேச்சிலும் எல்லோரும் சாயும் பக்கம் அவர் சாயமாட்டார். செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்துவிடுவார். "நம்ம வயசுல நாம சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். அதுல என்ன அறிவு வளந்துச்சு?" இந்தக் காலத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், "அந்தக் காலத்துல பேசினதெல்லாம் அடுத்த வீட்டுப் புரளி. நின்னது நல்லதுதான்" என்று ஒரே போடாகப் போடுவார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பாதிக்குப் பாதி அபத்தம். காகிதப் படிவத்தை விட்டுவிட்டு டேப்லெட் வந்தபோது, ஆறு மாதம் தாங்காது என்று சவால் விட்டார். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகும் தோளில் தொங்கும் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார்.

வீம்புக்காரர் என்றும் சொல்ல முடியாது. அதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. வீம்புக்குப் பேசுகிறவர் பேசி முடித்ததும் நம் முகத்தைப் பார்ப்பார், நாம் எரிச்சலானோமா என்று. இவர் பார்க்கமாட்டார். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார். எரிச்சல் முழுவதும் நமக்கு.

என் மகள் பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் வந்தபோது அலுவலகம் முழுக்க இனிப்பு கொடுத்தேன். எல்லோரும் கை குலுக்கினார்கள். எதிர்ப்பாட்டு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "பாவம் பொண்ணு. இனிமே ஒரு தடவைகூட அவளைத் தோக்க விடமாட்டீங்க" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. இனிப்பை வாயில் போட்டுக்கொண்டா இதைச் சொல்வது? ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது அதைவிடக் கோபமாக இருந்தது. இந்தக் கோபத்தை இங்கே எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்ததற்கு இது காரணமாக இருக்குமோ என்று சில நாள் எனக்கே சந்தேகம் வரும்.

வருடத்துக்கு ஒரு நாள் உள்ளே இருப்பவர்களும் களத்தைப் பார்க்க வேண்டும் என்று மேலாளர் ஒரு சட்டம் போட்டிருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் என்னை எதிர்ப்பாட்டோடு அனுப்பினார்கள். லிப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம். தேர்தல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. படியேறும்போது அவர் வாய் ஓயவில்லை.

"மக்கள் தெளிவா தீர்ப்பு சொல்லிட்டாங்கன்னு எல்லா சேனல்லயும் சொல்றான். மக்கள்னு ஒருத்தர் எந்த வீட்ல இருக்கார் போலீஸ்? நான் எல்லா மாடியும் ஏறிப் பாத்துட்டேன். ரெண்டாம் மாடியில ஒரு அம்மாவுக்குப் பல்வலி. மூணாம் மாடியில ஒருத்தர் தண்ணி ஏறலைன்னு மோட்டாரைத் திட்டிட்டு இருக்கார். மக்களை மட்டும் காணோம்."

"அப்போ ஓட்டுப் போட்டது யாரு?"

"பல்வலிக்காரம்மாவும் மோட்டார்காரரும்தான். ஆனா அவங்க தீர்ப்பு ஒண்ணும் சொல்லல. போட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டாங்க. தீர்ப்பை டிவிக்காரன் எழுதிக்கிட்டான்."

"மக்கள் கோபமா இருக்காங்கன்னு நம்ம அறிக்கையிலேயே போட்டோமே சார்?"

"கோபமா இருக்கிறவன் நமக்குக் கதவே திறக்க மாட்டான். திறக்கிறவன் எல்லாம் பொழுது போகாதவன். அவன் சொல்றதைத்தான் நாம நாட்டோட கருத்துன்னு கட்டிக் குடுக்கிறோம்."

இப்படிப் பேசிக்கொண்டே வந்தவர் ஒரு கதவைத் தட்டியதும் வேறு ஆளாகிவிட்டார். தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார், உள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு முழு உருவமும் தெரியட்டும் என்று. ஒரு பெண் கையில் சோப்பு நுரையோடு வந்தாள். பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கலாமா என்பது கேள்வி. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, தாழ்ந்த குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த மின்சார மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் யோசித்தாள்.

"தெரியலையேங்க" என்றாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டு, டேப்லெட்டில் 'தெரியாது' என்பதை அமுக்கிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் விதி அப்படி இல்லை. ஒருவர் தெரியாது என்று சொன்னால் விட்டுவிடக் கூடாது. 'இருந்தாலும், ஏதாவது ஒரு பக்கம் சொல்லணும்னா?' என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் அப்போது ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். காசு கொடுத்து அறிக்கை வாங்குகிறவர்களுக்குத் தெரியாது என்ற பதில் எதற்கு?

"ஏன் சார் மறுபடி கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாங்க."

"சொல்லத்தானே சார் கேக்குறோம்!"

"இல்லாததைச் சொல்லுவாங்க. அந்தம்மாவுக்குத் துணி ஊறிட்டு இருக்கு. நான் கிளம்பணும்னு ஒரு பதிலைத் தூக்கிப் போடுவாங்க. அதை வச்சு ஒருத்தன் பள்ளிக்கூட நேரத்தை மாத்துவான். அது போகட்டும். சொன்னப்புறம் அந்தம்மாவே அதை நம்ப ஆரம்பிச்சுடுவாங்க. மனுஷன் நினைச்சதைச் சொல்றான்னு நாம நினைச்சிட்டு இருக்கோம். அப்படியெல்லாம் இல்ல. சொன்னதைத்தான் நினைக்கிறான்."

"இது உங்க சொந்தக் கண்டுபிடிப்பா?"

"என் முழங்காலோட கண்டுபிடிப்பு." படியில் ஒரு கணம் நின்றார். "தெரியாதுன்னு சொல்றவங்க மட்டும்தான் நம்மகிட்ட பொய் சொல்லாதவங்க போலீஸ். மத்த பதில்ல எல்லாம் ஏதோ ஒரு லாபம் இருக்கு. பெருமையோ பயமோ. தெரியாதுங்கிறதுல என்ன இருக்கு? அசடுன்னு நினைப்பாங்க, அவ்வளவுதான். அதுக்கு ஒருத்தர் பொய் சொல்வாரா?"

விஞ்ஞானமும் அவரிடம் தப்பவில்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்காக மகிழ்ச்சியை அளக்கும் ஆய்வு ஒன்று செய்தோம். பத்துக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஆயிரத்து இருநூறு பேரில் பெரும்பாலானவர்கள் ஏழு என்றார்கள். அதை வைத்து ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார்கள். எதிர்ப்பாட்டு அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆறுன்னு சொன்னா பக்கத்துல நிக்கிற வீட்டுக்காரர் கோவிச்சுக்குவார். எட்டுன்னா கண்ணு பட்டுடும். அதனால ஏழு. இதுக்கு நாப்பது பக்கமா? ஆயிரம் பேரைக் கேட்டோம்னு போடுறாங்களே, கேட்டவனை யாராவது கேட்டாங்களா?" புள்ளிவிவரப் பிரிவுப் பெண் அழாத குறையாக எழுந்து போனாள். அவள்தான் அந்த வரைபடங்களைப் போட்டவள். இதை எல்லாம் அவர் பார்க்கமாட்டார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நல்ல தனியார் மருத்துவமனையில், எங்கள் அலுவலக இன்ஷூரன்ஸில் அது நடந்தது. அவருடைய முழங்காலுக்கு அந்த வேலையை எப்போதோ விட்டிருக்க வேண்டும். விடாததற்கு அந்த இன்ஷூரன்ஸ் அட்டைதான் காரணம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா படுத்திருந்தார், கையிலிருந்து இரண்டு குழாய் இயந்திரத்துக்குப் போனது. நர்ஸ் நல்ல பெண். "மனசை சந்தோஷமா வச்சுக்கோங்கம்மா, அதுவே பாதி மருந்து. எங்க, கொஞ்சம் சிரிங்க பாக்கலாம்" என்றாள்.

எதிர்ப்பாட்டு நாற்காலியிலிருந்தே ஆரம்பித்தார். "மெஷினுக்கு மனசெல்லாம் தெரியாதும்மா. இவ அழுதாலும் அது ரத்தத்தைச் சுத்தம் பண்ணும். சிரிச்சா ரெண்டு சொட்டு கூடப் பண்ணுமா? அழணும்னா அழட்டும், விடுங்க."

நர்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தர்மசங்கடமாக இருந்தது. அவர் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடம்பு முடியாமப் போனதுலேருந்து எல்லாரும் என்னைச் சிரிக்கச் சொல்றாங்கம்மா. என் தங்கச்சி, டாக்டர், பக்கத்து வீடு, எல்லாரும். சிரிச்சுச் சிரிச்சு வாய் வலிக்குது. இந்த மனுஷன் ஒருத்தர்தான் சொல்லல."

எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் தங்கமானவர், எதற்கும் 'கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்' என்பார். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போதெல்லாம் நான் தனியாகிவிடுகிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் நகராட்சியிலிருந்து ஒரு வேலை வந்தது. ஊருக்கு நடுவே ஓடும் கால்வாயை மூடி மேலே சாலை போடலாமா என்று மக்களைக் கேட்க வேண்டும். எதிர்ப்பாட்டுக்கு அறுபது வீடு ஒதுக்கினார்கள். ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். அறுபதில் முப்பத்தெட்டு, தெரியாது.

மற்றவர்களுக்கு நாலு, ஐந்து இருந்தது. இதற்கு முன்னாலும் அவருக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும், பத்துப் பன்னிரண்டு என்று. மேலாளர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார். முப்பத்தெட்டை விட முடியவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. 'தெரியாது' என்று அமுக்கினால் டேப்லெட் அடுத்த பதினோரு கேள்விகளைத் தாண்டிவிடும். இருபது நிமிடப் பேட்டி மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஏமாற்றுகிற களத்துக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தையே அதுதான். நானே ஆறேழு பேரை அப்படிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

முப்பத்தெட்டில் இருபது வீடுகளைச் சரிபார்க்கச் சொல்லி மேலாளர் பட்டியலை என் மேஜையில் வைத்தார். படிவத்தில் இரண்டே கட்டம்: பொருந்துகிறது, பொருந்தவில்லை. நாலில் ஒரு பங்குக்கு மேல் பொருந்தாமல் போனால் வேலை காலி. எழுதிக் கொடுத்திருக்கும் கேள்வியைத் தவிர வேறு எதையும் நாங்கள் போனில் கேட்கக் கூடாது. கேட்டால் எங்களுக்கும் நடவடிக்கை உண்டு. அந்த விதியைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறவிருந்தார், அந்த நாற்காலிக்கு என் பெயர் போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று பேரும் அடித்துப் பேசினார்கள். மூடத்தான் வேண்டும், கொசுத் தொல்லை தாங்கவில்லை என்றார் ஒருவர். மூடவே கூடாது என்றார்கள் மற்ற இருவரும். மூன்றும் பொருந்தவில்லை. இவரும் இப்படியா?

நாலாவது ஒரு தையல்கார அம்மா. பின்னால் தையல் இயந்திரச் சத்தம் கேட்டது.

"மூடக் கூடாதுங்க. எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்? எங்க வீட்டுக்குள்ளதான் வரும்."

நான் கட்டத்தில் குறிக்கப் போனேன். அந்த அம்மா தானாகவே தொடர்ந்தார்.

"அன்னிக்கு ஒருத்தர் வந்தாரே, காலைச் சாச்சு சாச்சு நடந்துட்டு, அவர்கிட்ட தெரியாதுன்னுட்டேன். நெஜமாவே தெரியல. அது வரைக்கும் அதைப் பத்தி நினைச்சதே இல்லீங்க. அவர் போனப்புறம்தான் யோசிச்சேன். என் வீட்டுக்காரர் மூடணும்ங்கிறார். ஒரு வாரமா வீட்ல இதே சண்டைதான்."

போனை வைத்துவிட்டுப் பொருந்தவில்லை என்று குறித்தேன். பிறகு என் வாழ்க்கையில் முதல்முறையாக விதியை மீறினேன். மீதி இருந்த எல்லோரிடமும், கேள்வி முடிந்ததும், "போன வாரம் எங்க ஆள் வந்தப்போ என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். பதினாறு பேர். அதில் நாலு பேருக்கு இன்னமும் தெரியாது. மற்ற பன்னிரண்டு பேருக்கும் கல்லில் செதுக்கிய மாதிரி ஒரு கருத்து இருந்தது. அவர்களில் பத்துப் பேர், அன்றைக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன் என்றார்கள். இரண்டு பேருக்கு ஞாபகம் இல்லை.

ஆக, அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார், கேட்டிருக்கிறார், கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார். அவர் கேட்டதாலேயே அவர்கள் யோசித்திருக்கிறார்கள். யோசித்ததாலேயே அவர் எழுதியது பொய்யாகிவிட்டது. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. பொருந்துகிறது நாலு, பொருந்தவில்லை பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தையல்கார அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர் சொன்னதை ஒரு பழைய உறையின் பின்பக்கம் குறித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்தேன்.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. நாங்கள் மூன்று பேர்தான். மேலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவருக்கும் அக்காவின் டயாலிசிஸ் தெரியும். பேசும்போது எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் காகிதத்தையே பார்த்தார்.

"இருபது வீட்ல பதினாறு பொருந்தல சார். ஒரு பேட்டிகூட மூணு நிமிஷத்துக்கு மேல போகல."

"தெரியாதுன்னா மூணு நிமிஷம்தான் சார் ஆகும்" என்றார் எதிர்ப்பாட்டு.

"அப்போ இவங்க போன் பண்ணா மட்டும் எப்படித் தெரியுது?"

"நான் போய்க் கேட்டதாலதான். அன்னிக்கு அவங்களுக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியுது. ரெண்டும் நிஜம்."

"இதெல்லாம் டீக்கடையில பேசலாம் சார். நகராட்சியில சொல்ல முடியுமா? விதிப்படி ரெண்டாம் தடவை கேட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாங்க சார்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. என் பக்கம் திரும்பினார்.

"பேசினது நீங்க. பதினோரு வருஷமா இவரைப் பாக்குறீங்க. மனசாட்சிப்படி சொல்லுங்க. இவர் நிஜமாவே கேட்டாரா, தானா நிரப்பிட்டாரா?"

கைப்பை மடியில் இருந்தது. உறையை எடுத்து மேஜையில் வைக்க மூன்று விநாடி போதும். வைத்தால், இதை எப்படிக் கேட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. விதியை மீறினேன் என்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலி போகும், நடவடிக்கை வரும். இவ்வளவும் எனக்கு அப்போது தோன்றியதா, இல்லை பிறகு நானாகத் தோண்டி எடுத்த காரணமா என்று இப்போது சொல்ல முடியவில்லை. என் மகளைப் பாவம் என்றாரே, அதுவும் எங்கோ அடியில் கிடந்திருக்கலாம்.

"தெரியாது சார்" என்றேன்.

எதிர்ப்பாட்டு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. தலையை லேசாக ஆட்டினார், சரியாகத்தான் சொன்னீர்கள் என்பதுபோல.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இருந்தாலும்," என்றார், எங்கள் களத்துக்காரர்கள் காலங்காலமாகக் கேட்கிற அதே குரலில், "ஏதாவது ஒரு பக்கம் சொல்லணும்னா?"

என் வாய் திறந்துவிட்டது. கை பையின் ஜிப்பில் இருந்தது. இரண்டாம் தடவை கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள், நானும் சொல்லப்போனேன்.

"சார்," என்று எதிர்ப்பாட்டு குறுக்கே வந்தார். "அவங்கதான் தெரியாதுன்னு சொல்லிட்டாங்களே. மறுபடி மறுபடி கேட்டா பாவம், ஏதாவது ஒண்ணைச் சொல்லத்தான் செய்வாங்க. விட்டுடுங்க."

மேலாளர் விட்டுவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எதிர்ப்பாட்டு அன்று மாலையே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். இன்ஷூரன்ஸ் அந்த மாதக் கடைசி வரைக்கும் இருந்தது. அவருடைய அறுபது வீட்டுக்கும் வேறு ஆள் போய், விதிப்படி இரண்டு தடவை கேட்டு வந்தார். கால்வாயை மூடுவதற்கு அறுபத்து மூன்று சதவீத ஆதரவு என்று அறிக்கை போயிற்று. எனக்குப் பிரிவுத் தலைவர் நாற்காலி வந்தது. முதுகுக்குக் கொஞ்சம் சாய்வு அதிகம், மற்றபடி பழைய நாற்காலி மாதிரிதான்.

அலுவலகத்தில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். உறை விஷயம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை அவருக்காகச் சொல்லியிருக்கலாமே என்று எல்லோரும் நினைத்தார்கள். வரைபடம் போடும் அந்தப் பெண்கூட அப்படித்தான் நினைத்தாள்.

இரண்டரை மாதம் கழித்து அவர்களைப் பார்க்கப் போனேன். இப்போது அரசு மருத்துவமனை. நீளமான கூடத்தில் எட்டு இயந்திரம். கூட்டத்தால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கொடுக்கிறார்கள். அக்காவின் கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கியது. எதிர்ப்பாட்டு ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். மாடி ஏற வேண்டாம், அது நல்லது என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மனைவியின் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா," என்றார் அக்கா. "உன்னைப் பத்தி இவர் அடிக்கடி சொல்லுவார்."

"என்னக்கா சொன்னார்?"

"அந்த ஆபீஸ்லயே உண்மையைப் பேசினது நீ ஒருத்திதானாம். எல்லாரும் அவரைத் தெரியும் தெரியும்னு பேசிட்டு இருந்தப்போ, நீ ஒருத்திதான் தெரியாதுன்னு சொன்னியாம். அதுக்கு ரொம்பத் தைரியம் வேணும்னு சொல்லுவார்."

தலைவர், டிவி, டாக்டர், பல்கலைக்கழகம் என்று எவரையும் நம்பாத மனிதர் என்னை நம்பியிருக்கிறார். படியில் நின்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அந்த ஒரு வார்த்தையை யாரும் பொய்யாகச் சொல்லமாட்டார்கள் என்று நம்பித்தான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தையல்கார அம்மாவிலிருந்து உறைவரை. எனக்குத் தெரியும் சார், அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

சொல்லிவிட்டு எதிர்ப்பாட்டின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையில் நான் அங்கே போனதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஊரே ஒன்றைச் சொன்னால் இவர் வேறொன்றைச் சொல்வார். நான் செய்தது தப்பு என்று நானே சொன்னால், இல்லை போலீஸ், அதில் ஒரு தப்பும் இல்லை என்று ஆரம்பிப்பார். மனுஷன் என்றால் அப்படித்தான் என்று ஒரு கணக்குச் சொல்வார். நான் எரிச்சலோடு கேட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

அவர் தலையணையைச் சரி செய்து முடித்தார். அக்காவின் பாதத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டார்.

"சரி" என்றார்.

வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். குழாயைப் பார்க்க வந்த நர்ஸுக்கு வழி விட்டு அவர் நகர்ந்து நின்றுகொண்டார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன், பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.